வன்னி முதியோர் இல்லங்களில் உணவும் உடலசைவும்: பராமரிப்பாளருக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் மதிய உணவு முடிந்து திரும்பி வரும் தட்டுகளைக் கவனியுங்கள். சோற்றில் பாதி உண்ணப்பட்டிருக்கும். சொதி தீர்ந்திருக்கும். ஓரத்தில் வைத்த மீன் துண்டு மட்டும் வைத்தபடியே கிடக்கும். "ஆச்சிக்கு மீன் பிடிக்காது" என்று சமையற்கட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஆச்சிக்கு மீன் பிடிக்காமல் போவதற்கு நியாயமே இல்லை. முள் எடுக்கக் கண் தெரியவில்லை, மெல்லப் பல் இல்லை, உதவி கேட்கக் கூச்சம். மறுவாரம் அவருடைய தட்டில் மீன் வைப்பதே நின்றுவிடும்.

அதே ஆச்சி தண்ணீர் எடுக்க எழுந்தால், "இருங்கள் ஆச்சி, நான் கொண்டுவருகிறேன்" என்று ஒரு பிள்ளை ஓடி வருவாள். அன்புதான். ஆனால் நாளுக்குப் பத்து முறை அப்படி உட்கார வைக்கப்படுபவர் சில மாதங்களில் கைபிடிக்காமல் எழ முடியாதவராகிறார்.

இந்த இரண்டையும் சேர்த்தே திருத்த வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. நம் இல்லங்களில் பெரும்பாலும் சோற்றுக்குக் குறைவில்லை. குறைவது புரதமும், எழுந்து நிற்கும் வாய்ப்பும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், சராசரியாக 87 வயதான 100 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1994 இல் வெளியானது. பத்து வாரம் கால் தசைகளுக்குக் கடுமையான பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை இரு மடங்குக்கு மேல் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களின் பலவீனம் குறையவில்லை. மறுபுறம், 2021 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று 60 முதியோர் இல்லங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தது. வழமையான உணவோடு பால், தயிர், சீஸ் கூட்டிக் கொடுத்த இல்லங்களில் எலும்பு முறிவுகள் 33 சதவீதம் குறைந்தன. இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது. எண்பது வயதுக்குப் பிறகு இனி என்ன என்று யாரையும் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இவை இரண்டும் போதும்.

வன்னியின் முதியோருக்கென்று சில தனி நிலைமைகள் உண்டு. பலர் ஒன்றுக்கு மேற்பட்ட இடப்பெயர்வுகளைக் கடந்தவர்கள். 2009 இல் பிள்ளைகளை இழந்தவர்களும், இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். கால் இழந்தவர்கள், உடலில் எறிகணைத் துண்டுகளோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். உயிரோடிருக்கும் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்கிறார்கள். பிறநாட்டு வழிகாட்டியை அப்படியே எடுத்து வந்து இவர்களுக்குப் பொருத்த முடியாது.

படி 1: நிறை பாருங்கள், கெண்டைக்காலை அளவிடுங்கள்

ஒரு தராசு, ஒரு தையல் நாடா, ஒரு கொப்பி. வேறெதுவும் தேவையில்லை.

மாதம் ஒரு முறை, அதே தராசில், காலையில் மலசலகூடம் போய் வந்த பின், உணவுக்கு முன் நிறை பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தி. 50 கிலோ உள்ளவருக்கு ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ. கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. சேலையும் சாரமும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கால் வீங்கியிருப்பவருக்கு நிறை ஏறுவதும் நல்ல செய்தி அல்ல, அது நீர்க்கட்டாக இருக்கலாம். ஆகவே நிறைக்குப் பக்கத்தில் "கால் வீக்கம் உண்டு" அல்லது "இல்லை" என்று எழுதுங்கள்.

நிற்க முடியாதவருக்குக் கெண்டைக்கால் அளவு உதவும். கதிரையில் இருத்தி, பாதத்தைத் தரையில் வைத்து, கெண்டையின் மிகத் தடித்த இடத்தில் நாடாவை இறுக்காமல் சுற்றுங்கள். 31 சென்ரிமீற்றருக்குக் கீழே வந்தால் தசை கரைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பிறகு ஆறு கேள்விகள். உலகெங்கும் முதியோரின் போசாக்கு நிலையை அறியப் பயன்படும் குறுகிய மதிப்பீடு இது; மொத்தம் 14 புள்ளிகள். கடந்த மூன்று மாதங்களில் உணவு குறைந்ததா? மிகவும் குறைந்தால் 0, ஓரளவு குறைந்தால் 1, குறையவில்லை என்றால் 2. அதே காலத்தில் நிறை குறைந்ததா? 3 கிலோவுக்கு மேல் என்றால் 0, தெரியாது என்றால் 1, 1 முதல் 3 கிலோ வரை என்றால் 2, குறையவில்லை என்றால் 3. நடமாட்டம்: கட்டிலோ கதிரையோ மட்டும் என்றால் 0, எழுந்து நடப்பார் ஆனால் வெளியே போகமாட்டார் என்றால் 1, வெளியே போவார் என்றால் 2. இந்த மூன்று மாதங்களில் கடும் நோயோ மனத்தாக்கமோ இருந்தால் 0, இல்லையென்றால் 2. கடுமையான மறதிநோய் அல்லது மனச்சோர்வுக்கு 0, இலேசான மறதிக்கு 1, இரண்டும் இல்லையென்றால் 2. கடைசியாகக் கெண்டைக்கால்: 31 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் 0, 31 அல்லது அதற்கு மேல் என்றால் 3.

கூட்டுத்தொகை 12 முதல் 14 வரை என்றால் நல்லது. 8 முதல் 11 வரை என்றால் ஆபத்தின் விளிம்பு. 7 அல்லது அதற்குக் கீழ் என்றால் போசாக்குக் குறைபாடு. அவரை அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வைக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

படி 2: ஒரு கிழமை, திரும்பி வரும் தட்டுகளைப் பாருங்கள்

உணவு அட்டவணையில் எழுதியிருப்பது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. ஒவ்வொருவரின் தட்டிலும் மிஞ்சியது கால், அரை, முக்கால், முழுவதும் என்று ஒரு கிழமை குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருள் மிஞ்சுகிறது என்பதையும் எழுதுங்கள். மீனும் பயறும் மிஞ்சி, சோறும் சொதியும் போயிருந்தால், காரணம் பெரும்பாலும் வாயில்தான் இருக்கும்.

படி 3: முதலில் வாய்

வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பாருங்கள். ஆடும் பல், புண், வெள்ளைப் படிவு, பொருந்தாத பொய்ப்பல். நிறை குறைந்தவர்களுக்கு முரசும் சுருங்கும். பழைய பொய்ப்பல் தளர்ந்து உராயும். அரச வைத்தியசாலையின் பல் கிளினிக்கில் காட்டுங்கள். பொய்ப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி, தண்ணீரில் இட்டு வைக்க வேண்டும்.

சாப்பிடும்போது இருமல், குடித்தபின் குரலில் ஈரத்தன்மை, கன்னத்துக்குள் உணவு தங்கியிருத்தல் ஆகியவை விழுங்குவதில் சிக்கல் இருப்பதன் அடையாளங்கள். பாரிசவாதம் வந்தவர்களிடம் இது அதிகம். உணவு சுவாசக் குழாய்க்குள் போனால் நியூமோனியா வரலாம். அப்படிப்பட்டவரைக் கட்டிலில் படுத்தபடி ஊட்டவே கூடாது. நேராக இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பின் அடுத்த வாய். முடிந்தபின் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. மதிய உணவு நேரத்தில் ஒரு பராமரிப்பாளர் ஐந்து பேருக்கு ஊட்டும் இல்லங்களில் இந்த விதி முதலில் உடைகிறது. ஊட்ட வேண்டியவர்களுக்கு உணவை அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் கரைத்துக் கொடுப்பதும் தவறு. மெல்ல முடிந்தவருக்கு மெல்லும் உணவே வேண்டும். மீனைச் சமையற்கட்டிலேயே முள் நீக்கி உதிர்த்துக் கொடுங்கள். பயற்றை நன்றாக அவித்து மசியுங்கள். கச்சானை வறுத்து இடித்துச் சம்பலில் சேருங்கள். முழுக் கச்சானை விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கொடுக்கக் கூடாது.

படி 4: புரதத்தை நாள் முழுவதும் பங்கிடுங்கள்

நலமாக உள்ள முதியவருக்கு நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். நோயிலோ மெலிவிலோ இருப்பவருக்கு 1.2 முதல் 1.5 கிராம். சக்தி, கிலோவுக்கு ஏறத்தாழ 30 கலோரி. 50 கிலோ நிறையுள்ள ஆச்சிக்கு 50 முதல் 60 கிராம் புரதமும் 1500 கலோரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. காரணம் சரியாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் காணப்படுகிறது. வயலில் காலம் கழித்த ஐயாமார்களுக்கு இரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். வைத்தியர் சொல்லும் அளவே அவர்களுக்கு அளவு.

மற்றவர்களுக்கு ஒரு நாளை இப்படிக் கட்டலாம். காலையில் 40 கிராம் பயறு அவித்துத் தேங்காய்ப்பூவோடு, அல்லது பயறும் குரக்கனும் சேர்த்துப் புட்டு: பயற்றில் மட்டும் 9 கிராம். கூட ஒரு முட்டை: 6 கிராம். மதியம் சோறு, முள் நீக்கிய மீன் 60 கிராம் (12 கிராம் புரதம்), 30 கிராம் பருப்பில் கறி (7 கிராம்), முருங்கையிலை அல்லது பொன்னாங்காணி வறை. பின்னேரம் 25 கிராம் பால்மாவில் ஒரு கோப்பைப் பால்: 6 கிராம். இரவில் இடியப்பம், சொதியோடு ஒரு முட்டை அல்லது சோயா: 6 கிராம். நாள் முழுவதற்குமான அரிசியும் மாவுமாக 200 கிராம், அதில் 14 கிராம். கூட்டினால் 60.

சோற்றையும் மாவையும் மட்டும் நம்பியிருந்தால் 14 இலேயே நின்றிருக்கும். நம் இல்லங்களில் இரவு உணவுதான் மிக மெலிந்தது: இடியப்பமும் சொதியும், அல்லது பாணும் வாழைப்பழமும். காலையும் அப்படியே. மதியம் மட்டும் கறி பல இருக்கும். முதிய உடல் ஒரே வேளையில் கொட்டிய புரதத்தை விட, மூன்று வேளையும் கணிசமாகக் கிடைத்த புரதத்தைக் கொண்டே தசையை நன்றாகக் கட்டும் என்று கருதப்படுகிறது. எனவே ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் கையில் பணம் இருக்கிறதென்றால், இரவுக்கு ஒரு முட்டை என்று தொடங்குங்கள்.

செலவு பெரிய விடயம். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் பால்மாவும் முட்டையும் எட்டாப் பொருளானதை எல்லா இல்லங்களும் அனுபவித்தன. ஆனாலும் வன்னி கைவிடாத நிலம். குளத்து மீன் கடல்மீனை விட மலிவாகக் கிடைக்கும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று பெரிய குளங்கள் இருக்கின்றன. கச்சான் இங்கேயே விளைகிறது, 100 கிராமில் 25 கிராம் புரதம். பயறும் உழுந்தும் இங்கேயே விளைகின்றன. காய்ந்த நெத்தலி 25 கிராமில் ஏறத்தாழ 15 கிராம் புரதம் உண்டு, முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும். ஆனால் உப்பு மிகுதி, ஆகவே சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து, கறிக்கு மேலதிக உப்புப் போடாமல் சமையுங்கள். இல்லத்து வளவில் பத்துப் பன்னிரண்டு கோழிகளும் நான்கு முருங்கையும் வைத்தால் சமையற்கட்டின் கணக்கே மாறிவிடும்.

பசி இல்லாதவருக்குத் தட்டைப் பெரிதாக்கிப் பயனில்லை. அதே அளவு உணவைச் செறிவாக்குங்கள். கஞ்சியில் தண்ணீரைக் குறைத்துப் பால்மாவும் பயற்றம் மாவும் சேருங்கள். உழுத்தங்களியில் நல்லெண்ணெய் தாராளமாக இருக்கட்டும். எள்ளுருண்டை ஒன்று பத்து மணிக்கு. உணவுக்குச் சற்று முன் தேநீரும் பிஸ்கட்டும் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அது பசியைக் கொல்லும். உணவோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதையும் தடுக்கும். இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

விரத நாட்களை மதிக்க வேண்டும், திட்டமிடவும் வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் அன்று மீனுக்குப் பதில் தயிர், பயறு, சோயா, கடலை. கந்தசஷ்டியில் ஒரு வேளை உணவு என்று பிடிவாதமாக இருக்கும் அம்மாமாரும், தபசுகாலத்தில் ஒறுத்தல் இருக்கும் கத்தோலிக்க முதியோரும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களானால், முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் குருதியில் சீனி இறங்கி வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மே மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 18 ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் பலர் சாப்பிட மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். முள்ளிவாய்க்கால் கஞ்சியை மட்டும் குடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அந்தக் கஞ்சியை வேறெதனாலும் மாற்ற முயலாதீர்கள், வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் இருங்கள். மாலையில் பால், மறுநாள் காலையில் முட்டை என்று மெதுவாக மீட்டெடுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அதை மனச்சோர்வாகக் கருதி வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் காட்ட வேண்டும்.

படி 5: தண்ணீர்

வயது ஏறத் தாக உணர்வு மங்கும். இரவில் எழுந்து மலசலகூடம் போகப் பயந்து வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பவர்களும் பலர். பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.6 லீற்றர், ஆண்களுக்கு 2 லீற்றர் பானமாகப் போக வேண்டும். சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் அதற்கு மேலும். இதயம் அல்லது சிறுநீரகம் பழுதானவருக்கு வைத்தியர் அளவு கட்டியிருந்தால் அதுவே சட்டம். மோர், இளநீர், இலைக்கஞ்சி, பால் எல்லாம் கணக்கில் சேரும். பெரும்பகுதியைப் பின்னேரம் ஐந்து மணிக்குள் முடித்துவிட்டால் இரவு எழும் பயம் குறையும். திடீரென்று குழப்பமாகப் பேசுபவருக்கு மறதி முற்றிவிட்டது என்று எண்ணுமுன், அவர் நேற்றிலிருந்து என்ன குடித்தார் என்று பாருங்கள். கிணற்று நீரைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

படி 6: கதிரையிலிருந்து எழுதல்

எல்லாப் பயிற்சிகளிலும் இதுவே தாய். மலசலகூடம் போவது, கட்டிலை விட்டு இறங்குவது, கோயிலில் கும்பிட்டு எழுவது எல்லாம் இந்த ஓர் அசைவில்தான் நிற்கின்றன.

முதலில் சோதனை. கைகளை மார்பில் குறுக்காக வைத்து ஐந்து முறை எழுந்து இருக்கச் சொல்லி நேரம் பாருங்கள். ஆசிய முதியோருக்கான அளவுகோலின்படி 12 செக்கனோ அதற்கு மேலோ ஆனால் கால் வலிமை குறைந்துவிட்டது. கை ஊன்றாமல் ஒருமுறை கூட எழ முடியாதவர்களே நம் இல்லங்களில் அதிகம் இருப்பார்கள். அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிளாஸ்டிக் கதிரை வேண்டாம்; சீமெந்துத் தரையில் வழுக்கிப் பின்னால் ஓடும். கனமான மரக்கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கை தாழ்வாக இருந்தால் மடித்த சாக்கோ தலையணையோ வைத்து உயர்த்துங்கள். செருப்பைக் கழற்றட்டும், சேலை கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். கதிரையின் முன் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். இப்போது மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் வரை முன்னால் சாய வேண்டும். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான்: விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பின்னால் சாய்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், எழ முடியாது. நீங்கள் எதிரே அமர்ந்து, கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் உள்ளங்கைகளை நீட்டி "என் கைக்கு வாருங்கள் ஐயா" என்று சொல்லுங்கள். சாய்வு வந்ததும் இடுப்பு தானாகவே மேலே கிளம்பும். நிமிர்ந்து, ஒரு மூச்சு எடுத்து, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இருக்க வேண்டும். தொப்பென்று விழுந்து இருந்தால் அந்த முறை கணக்கில் சேராது. மெதுவாக இறங்குவதும் தசைக்கு நல்ல வேலை.

முதல் கிழமை ஐந்து முறை, காலையும் மாலையும். பிறகு எட்டு, பத்து. பத்து முறை இலகுவானதும் உயர்த்திய தலையணையை எடுத்துவிடுங்கள்; அடுத்துக் கை ஊன்றாமல்; அடுத்து இடையில் ஓய்வெடுத்து இரண்டு, மூன்று சுற்றுகள். கடைசி இரண்டு முறையும் சிரமப்பட்டே எழ வேண்டும். சிரமம் இல்லாத பயிற்சியில் தசை வளராது. மூச்சை அடக்காமல், எழும்போது சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். குருதி அமுக்கம் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

பயிற்சி முடிந்ததும் பால் அல்லது முட்டை. காலைப் பயிற்சியைக் காலை உணவுக்குச் சற்று முன்னும், மாலைப் பயிற்சியைப் பாலுக்கு முன்னும் வைத்தால் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படாது.

படி 7: ஒரு கிழமையின் ஒழுங்கு

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்னது: 65 வயதுக்கு மேற்பட்டோர் கிழமைக்கு 150 நிமிடங்களாவது மிதமாக அசைய வேண்டும், அதில் மூன்று நாட்களாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி வேண்டும். முடியாதவர் முடிந்தவரை. பத்து நிமிடமும் வீண் அல்ல.

எழுதலோடு மூன்று அசைவுகளைச் சேருங்கள். விறாந்தைச் சுவரைப் பிடித்துக் குதிக்கால் உயர்த்துதல். கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேரே நீட்டி ஐந்து எண்ணும் வரை வைத்திருத்தல். பழகியதும் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பையைக் கட்டலாம். மண் நிரப்பிய தண்ணீர்ப் போத்தலைத் தோள் உயரத்துக்குத் தூக்குதல். ஒவ்வொன்றும் பத்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சமநிலைக்கு, சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் நடத்தலும், ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்றலும். பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

நடைக்குக் காலை எட்டு மணிக்குள், மாலை ஐந்து மணிக்குப் பின்.  மாரி தொடங்கி முற்றம் சேறானதும் எல்லோரும் கட்டிலில் முடங்கும் காலம் வருகிறது. அதுதான் மிக ஆபத்தான பருவம். ஆரோக்கியமான முதியவர்கள் பத்து நாள் கட்டிலிலேயே கிடந்தால் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துவிடும் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே மண்டபத்தில் ஒரு நடைபாதையை ஒழுங்கு செய்யுங்கள்.

பயிற்சி என்று சொன்னால் சிலர் வரவே மாட்டார்கள். வாழ்நாள் முழுவதும் வயலிலும் கடலிலும் உழைத்தவருக்குப் போத்தல் தூக்குவது அர்த்தமில்லாத வேலை. அவரிடம் வேலையைக் கொடுங்கள். கோழிக்குத் தீன் போடுதல், முருங்கையிலை ஆய்தல், கச்சான் உடைத்தல், மாலைக்குப் பூப் பறித்தல், கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுதல். இலை ஆயும் மேசையை உயர்த்திப் போட்டால் நின்றபடி செய்வார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போய் வர வேண்டும் என்ற ஆசையை நான் கண்ட எந்தப் பயிற்சி அட்டவணையும் வென்றதில்லை. மாசியிலேயே "பொங்கலுக்குள் கோயில் வீதி நடக்கும் அளவுக்கு வந்துவிடுவோம் அம்மா" என்று தொடங்கிவிடுங்கள்.

நெஞ்சு வலி, கடும் மூச்சு வாங்கல், தலைச்சுற்றல், புதிய மூட்டு வீக்கம் கண்டால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு வலி ஓய்வெடுத்தும் தணியாவிட்டால் கட்டணமற்ற 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

ஒரு காலை இழந்தவர்களுக்கு மறு காலும் தோள்களும் இரட்டிப்பாக உழைக்கின்றன. அவற்றின் வலிமையே முதன்மை. நிறை மாறினால் செயற்கைக் கால் பொருந்தாமல் உரசிப் புண்ணாகும், நீரிழிவு இருந்தால் அது இன்னும் கெடும். பாரிசவாதம் வந்தவருக்கும் அண்மையில் எலும்பு முறிந்தவருக்கும் மாவட்ட வைத்தியசாலையின் இயன்மருத்துவர் காட்டித் தரும் அசைவுகளை மட்டும் செய்யுங்கள்.

படி 8: விழாமல் காத்தல்

பல விழுகைகள் கட்டிலுக்கும் மலசலகூடத்துக்கும் இடையில் நடப்பவை. அந்தப் பாதையில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். குந்தும் மலசலகூடத்தில் இரு பக்கமும் இரும்புக் குழாய்ப் பிடி, முடிந்தால் கொமட். ஈரத் தரையில் இறப்பர்ச் செருப்பு வேண்டாம், பின்பட்டி உள்ளதே நல்லது. எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு நடக்கப் பழக்குங்கள். நித்திரைக் குளிசை, குருதி அமுக்க மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், "இத்தனையும் இன்னும் வேண்டுமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். பொல்லின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மட்டத்துக்கு வர வேண்டும். இறப்பர் முனை தேய்ந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 9: நன்கொடையாளரிடம் முட்டை கேளுங்கள்

புலம்பெயர்ந்த பிள்ளைகள் பெற்றோரின் ஆண்டுத் திவசத்துக்கும் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கும் இல்லங்களுக்கு மதிய உணவு கொடுக்கிறார்கள். உள்ளன்போடு கொடுப்பது அது. ஆனால் ஒரே கிழமையில் மூன்று விருந்து வரும். நெய்ச்சோறும் பாயசமும் கேசரியும் நீரிழிவு உள்ளவரைக் கிடத்திவிடும். அடுத்த பத்து நாள் இரவுக்கு வெறும் இடியப்பம்தான். விருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. பாயசத்தைச் சிறு கிண்ணத்தில் கொடுத்து, மிகுதிப் பணத்தை எங்கே போடலாம் என்று காட்டினால் போதும். கேட்கப்படாததால்தான் அவர்கள் கொடுக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: "உங்கள் அப்பாவின் நினைவாக எங்கள் இல்லத்தவர் அனைவருக்கும் ஒரு மாதம் இரவு உணவோடு ஆளுக்கொரு முட்டை கொடுக்க விரும்புகிறோம். செலவு இவ்வளவு. நினைவு நாளன்று மோட்ச விளக்கேற்றி மரக்கறிச் சாப்பாடும் கொடுப்போம்." இதேபோல் ஒரு மாதப் பால்மா, குளியலறைக்குக் கைப்பிடி, நல்ல தராசு, கைபிடியுள்ள மரக்கதிரைகள், கோழிக்கூடு என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு ஒரு பட்டியல் வைத்திருங்கள். கொடுத்தவருக்கு மூன்று மாதம் கழித்து இல்லத்தவரின் நிறைக் கணக்கை, பெயர்கள் இல்லாமல், எத்தனை பேருக்கு ஏறியது, எத்தனை பேர் கை ஊன்றாமல் எழுகிறார்கள் என்று அனுப்புங்கள். பிரதேச செயலகத்தின் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் அதே கணக்கின் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள். அடுத்த முறை பல் கிளினிக்கோ இயன்மருத்துவரோ இல்லத்துக்கே வர வேண்டும் என்று கேட்கும்போது அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.